மாப்ளையோட கம்பி ஷூவும் சில கேள்விகளும்

அக்கா பையன், அதாவது நம்ம மருமகப்பிள்ளை, ரெண்டு பாதமும் உள்பக்கமா மடங்கிப் பொறந்தவன். டாக்டருங்க கிளப் ஃபுட்ங்கறாங்க, தமிழ்ல வளைபாதம். இப்ப அவனுக்கு நாலு வயசு முடிஞ்சாச்சு. இத்தனை வருஷமா சொந்தபந்தம் கேட்ட கேள்விகளைத் தொகுத்தா ஒரு புஸ்தகமே போடலாம். அடிக்கடி வந்ததுக்கு மட்டும் இங்க பதில். (நான் டாக்டர் இல்லீங்க. எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து கத்துக்கிட்டது.)

"கிரகணத்தப்ப வெளிய வந்தாளா?"

பிரசவமாகி ரெண்டாம் நாள், அக்கா காதுபடவே கேட்டாங்க. அவ அழுத அழுகை இருக்கே... கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுமாரா 1000 குழந்தைல ஒண்ணு இப்படிப் பொறக்குது. பொண்ணுங்களை விட பசங்களுக்கு ரெண்டு மடங்கு. பெரும்பாலான குழந்தைங்களுக்கு இன்ன காரணம்னு டாக்டராலயே சொல்ல முடியறதில்லை. பெத்தவளைக் குத்திக் காட்ட மட்டும் எல்லாருக்கும் காரணம் கிடைச்சிடுது.

"வளர வளர சரியாயிடும்ல?"

ஆகாது. கர்ப்பத்துல படுத்திருந்த வாக்குல சில பிள்ளைங்களுக்குப் பாதம் திரும்பியிருக்கும். விரலால லேசாத் தள்ளினாலே நேராயிடும், அது தானா சரியாகும். வளைபாதம் விறைப்பா இருக்கும், தள்ளினாலும் வராது. எது எதுன்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். பொறந்த சில வாரத்துலயே ஆரம்பிச்சா நல்லது, அப்பதான் மூட்டெல்லாம் இளசா இருக்கும்.

"ஒரே ஆபரேஷன்ல நிமித்திட முடியாதா?"

முன்னாடி அப்படித்தான் பெரிசா அறுத்தாங்க. வளர்ந்தப்புறம் பாதம் விறைச்சு, வலி வந்து கஷ்டப்பட்டவங்க நிறைய. ஸ்பெயின்ல பொறந்து அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல வேலை பாத்த இக்னாசியோ பொன்செட்டிங்கற டாக்டர், கையால மெல்ல மெல்லத் திருப்பி மாவுக்கட்டு போட்டே சரி பண்ணலாம்னு காட்டினார். 1963ல எழுதின கட்டுரையை ரொம்ப நாள் யாரும் பெரிசா கண்டுக்கலை. 1990கள் கடைசில பெத்தவங்களே இண்டர்நெட்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் பரவிச்சு. 2009ல 95 வயசுல காலமானார். இன்னிக்கு உலகம் பூரா இந்த வழிதான்.

வாரம் ஒரு கட்டு, தொடையிலேர்ந்து விரல் வரைக்கும். வழக்கமா அஞ்சாறு கட்டு. அப்புறம் பெரும்பாலான பிள்ளைங்களுக்குக் குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாணைச் சின்னதா வெட்டி விட்டு, கடைசிக் கட்டு மூணு வாரம். அந்தத் தசைநாண் நீளமா வளந்து ஒட்டிக்கும்.

"காலுதான் நேராயிடுச்சே, தூங்கற பிள்ளைக்கு எதுக்கு ஷூ?"

மக்களே, இந்த ஒரு கேள்விக்காகத்தான் பதிவே. கட்டு பிரிச்சதும் பாட்டிங்கள்லாம் திருஷ்டி சுத்திப் போட்டாச்சு, சிகிச்சை முடிஞ்சிடுச்சுன்னு. நிஜத்துல அப்பதான் ஆரம்பமே! நடுவுல கம்பி வெச்ச ஜோடி ஷூ. முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம். அப்புறம் ராத்திரியும் பகல் தூக்கத்துலயும், நாலு வயசு வரைக்கும். இதை விட்டா பாதம் மறுபடி மடங்கும். திரும்ப வர்றதுக்கு முக்கியமான காரணமே இந்த ஷூவைப் போடாம விடறதுதான்.

ரெண்டு வயசுல மாப்ள தெருவெல்லாம் ஓடறான், கால் அம்சமா இருக்கு. வீடே ஒண்ணு கூடி, "பிள்ளையைக் கட்டிப் போட்டுத் தூங்க வைக்கறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"ன்னுச்சு. அக்கா பதிலே பேசலை. தினமும் ராத்திரி சோறூட்டி, கதை சொல்லி, வாரை மாட்டிட்டுத்தான் படுப்பா. காய்ச்சல் ராத்திரியிலயும், கல்யாண மண்டபத்துலயும்கூட. நான் பாத்ததுல அதான்யா பெரிய வைத்தியம்.

"நல்லா ஓடுவானா?"

ஓடறானே! கெண்டைக்கால் கொஞ்சம் மெலிசா இருக்கலாம், அவ்வளவுதான். 1992 ஒலிம்பிக்ல பனிச்சறுக்கு நடனத்துல தங்கம் வாங்கின கிறிஸ்டி யமகுச்சி வளைபாதத்தோட பொறந்தவங்கதான்.

பஸ்ஸுலயோ விசேஷத்துலயோ கம்பி ஷூ போட்ட குழந்தையைப் பாத்தீங்கன்னா, "ஐயோ பாவம்"னு சொல்லிடாதீங்க. அந்தம்மாகிட்ட, "விடாமப் போடும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதைச் சொல்லத்தான் ஆள் கம்மி.