மழையில் கரையாத மண் சுவர்... ஆரோவில்லில் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோகும் அதிசயம்!

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம் திரும்பினால் மண்ணின் நிறமே மாறிவிடும். அசல் செம்மண். கார் டயர், செருப்பு, குழந்தைகளின் வெள்ளை சாக்ஸ் என எதையும் விட்டுவைக்காது. இந்த வழியாக ஆரோவில் போகிறவர்களில் பெரும்பாலானோர் தங்க உருண்டையான மாத்ரி மந்திரைத் தூரத்திலிருந்து பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்து, மதியத்துக்குள் கடற்கரைக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆனால், அந்த நடைபாதை தொடங்கும் பார்வையாளர் மையத்திலேயே ஐந்து நிமிடம் நின்றால் வேறொரு விஷயம் கண்ணில் படும். பூச்சு இல்லை, பெயின்ட் இல்லை. வளைவுகளும் குவிமாடங்களுமாக நிற்கும் அந்தக் கட்டடத்தின் சுவர், காலுக்குக் கீழே இருக்கும் அதே மண்ணின் நிறத்தில் இருக்கிறது. காரணம், அது மண்ணேதான். சுடாத மண்!

`மழை பெய்தால் கரையாதா?' என்பதுதான் இங்கே எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி. மையம் கட்டப்பட்டது 1989-க்கும் 1992-க்கும் இடையில். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சுஹாசினி ஐயர். 2011 டிசம்பரில் இந்தக் கரையைப் புரட்டிப்போட்ட தானே புயல், ஆரோவில்லின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியே தண்ணீரில் மிதந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மழைக்காலங்களைப் பார்த்துவிட்ட பின்னும் சுவர் நிற்கிறது.

எப்படி?

மேல் மண்ணை ஒதுக்கிவிட வேண்டும். வேரும் தழையும் மக்கிக் கிடக்கும் அந்த மண் தோட்டத்துக்குத்தான் உதவும். அதற்குக் கீழே இருக்கும் மண்ணைச் சலித்து, சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் சேர்த்து, லேசான ஈரத்துடன் இரும்பு அச்சில் போட்டு, நெம்புகோலை இழுத்து அழுத்துகிறார்கள். வெளியே வரும் கல்லை மூடிவைத்து, தண்ணீர் தெளித்து, நான்கு வாரம் பதப்படுத்த வேண்டும். சூளை இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. மண் எடுத்த பள்ளத்தையும் வீணாக்குவதில்லை. மழைநீர் சேமிக்கும் குளமாகவோ வீட்டின் அடித்தளமாகவோ மாற்றிவிடுகிறார்கள்.

இந்தக் கல்லை அழுத்தும் `ஆரம் 3000' என்ற கை இயந்திரம் ஆரோவில்லிலேயே உருவானது. 1989-ல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டில், மண் கட்டுமானம் கற்றுக்கொள்ள வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். இந்தத் தொழில்நுட்பத்தில் சவுதி அரேபியாவின் ரியாத்தில் 2004-ல் ஒரு மசூதியே எழுந்தது. கட்டி முடிக்க ஆன காலம் 7 வாரம்.

அச்சை மாற்றினால் கல்லின் வடிவமும் மாறும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கல், நடுவே ஓட்டை உள்ள கல் எனப் பல வகை. அந்த ஓட்டை வழியாகக் கம்பி இறக்கி கான்கிரீட் ஊற்றினால் நிலநடுக்கத்தையும் சுவர் தாங்கும். 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத் அரசு இந்த முறைக்கு ஒப்புதல் கொடுத்தது.

ஒரே வாரத்தில் வீடு

துண்டு துண்டாகச் செய்து கொண்டுவந்து சேர்க்கும் `மாடுலர்' வீடு என்றால் இன்னொரு உதாரணமும் ஆரோவில்லில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ உருவாக்கிய `ஃபுல் ஃபில்' வீடு. கோழி வலையும் மெல்லிய கம்பியும் வைத்து, ஓர் அங்குலக் கனத்துக்கு சிமென்ட் கலவை பூசி, பெட்டி பெட்டியாகச் செய்வார்கள். கொத்தனார்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். பெட்டிகளை அடுக்கினால் சுவர். பெட்டியின் உள்பக்கம்தான் அலமாரி! பீரோவுக்கும் பரணுக்கும் தனியாக இடம் வேண்டாம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மொத்த வீட்டையும் சேர்த்துவிடலாம். சின்ன வீட்டில் நாலு பேர் வாழும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி தள்ளிவைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

இதில் சிமென்ட் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அளவு குறைவு, அவ்வளவுதான். `நூறு சதவிகிதம் இயற்கை' என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

புதுச்சேரியில் நடந்த இன்னொரு முயற்சி கேட்கவே சுவாரஸ்யம். மண் பாண்டக் கலைஞர் ரே மீக்கர், பச்சைக் கல்லால் வீட்டைக் கட்டி முடித்து, அந்த வீட்டையே சூளையாக்கி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, மூன்று நான்கு நாள் நெருப்பு மூட்டினார். வீடும் வெந்தது, உள்ளே இருந்த கல்லும் வெந்தது. அனுபமா குண்டூ, வீடற்ற குழந்தைகளுக்காகப் புதுச்சேரியில் கட்டிய குடில்களில் இதே முறையைப் பயன்படுத்தினார்.

கொத்தனார் வீடு எது?

ஆரோவில்லின் மண் சுவர்களை எழுப்பிய கைகள் பெரும்பாலும் சுற்றியுள்ள குயிலாப்பாளையம், இடையன்சாவடி போன்ற ஊர்களைச் சேர்ந்தவை. அந்த ஊர்த் தெருக்களில் நடந்தால் கண்ணில் படுவதோ கான்கிரீட் மாடிகளும் டைல்ஸ் ஒட்டிய முகப்புகளும்தான்.

இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. மண் வீடு என்பது நகரத்திலிருந்து வருபவருக்கு ரசனை. ஒழுகும் குடிசையில் வளர்ந்தவருக்கு அது நினைக்க விரும்பாத ஞாபகம். ஐப்பசி மழையில் பாத்திரங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடித்த அம்மா, `மச்சு வீடு' கேட்பதில் என்ன தவறு? பெண் பார்க்க வருபவர்களும் வாசலில் நின்று முதலில் பார்ப்பது கூரையைத்தானே!

அரசுக் கணக்கும் இதே பக்கம்தான். சுடாத கல் வைத்த சுவரைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் `கச்சா' வகையில் சேர்த்துவிடுகின்றன. தமிழக அரசின் `கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதில் 300 சதுர அடிக்குக் கூரை கான்கிரீட். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. அத்தனை வீட்டுக்கும் எத்தனை சூளைகள் எரிய வேண்டும் என்று யோசித்தால்தான் பார்வையாளர் மையத்தின் அந்தச் சுவர் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

எல்லா ஊர் மண்ணும் இதற்குச் சரிப்படாது. சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவிகிதம் இருப்பது நல்ல கலவை. கரிசல் பூமிக்காரர்கள் மணல் சேர்க்க வேண்டும். சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு வேண்டியிருக்கும். உங்கள் ஊர் மண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மேல் மண்ணைத் தள்ளிவிட்டுத் தோண்டிய மண்ணை அதில் கால் பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஆடாமல் வைத்துவிடுங்கள். மணல் உடனே கீழே இறங்கும், அதன்மேல் வண்டல். களி மட்டும் கலங்கலாகவே நிற்கும். அது தெளிய மறுநாள் காலை ஆகிவிடும்.