மாத்திரைக் குன்றில் ஒரு பனி உலகம்

அமெரிக்காவின் சியாட்டில் நகர மையத்திலிருந்து கிழக்கே மேடேறினால் ஃபர்ஸ்ட் ஹில் வரும். நடந்து ஏறுபவர்களுக்கு மூச்சு வாங்கும். அடுத்தடுத்து ஆஸ்பத்திரிகள் இருப்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'பில் ஹில்'. அதாவது, மாத்திரைக் குன்று!

குன்றின் விளிம்பில் 1931 முதல் நிற்கிறது ஹார்பர்வியூ ஆஸ்பத்திரி. வானம் தெளிந்த நாளில் தெற்கே பனி மூடிய ரெய்னியர் மலை தெரியும். ஹெலிகாப்டர் சத்தம் இங்கே பழகிப்போன ஒன்று. அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ என்று வேறு மாநிலங்களிலிருந்தெல்லாம் தீக்காயம் பட்டவர்களைக் கொண்டுவருகிறார்கள். குழந்தைகளும் உண்டு.

தீக்காயத்தில் பெரிய கொடுமை, கட்டு மாற்றுவது. காயத்தைக் கழுவி, செத்த தோலைச் சுரண்டி எடுத்து, மறுபடி கட்ட வேண்டும். பெரும்பாலும் தினமும். சும்மா படுத்திருக்கும்போது வலியை அடக்கும் மார்பின் போன்ற மருந்துகள், அந்த நேரத்துக்குப் போதாமல் போகும். பெற்றவர்களுக்கும் அது தண்டனைதான்.

1996-ல் இங்கே பணியாற்றிய உளவியலாளர் டேவிட் பேட்டர்சனும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மேனும் கைகோத்தார்கள். ஹாஃப்மேனிடம் அப்போது இருந்தது, சிலந்தி பயத்தைப் போக்குவதற்கான 'ஸ்பைடர் வேர்ல்டு'. ஹெல்மெட்டை மாட்டினால் ஒரு சமையலறை தெரியும், அதில் ஒரு சிலந்தி! காயத்துக்குச் சிகிச்சை நடக்கும்போது அதையே 16, 17 வயதுப் பையன்கள் இருவருக்கு மாட்டிப் பார்த்தார்கள். சாதாரண வீடியோ கேம் ஆடியபோது இருந்ததைவிட வலி ரொம்பக் குறைவு என்றார்கள் இருவரும். 2000-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

ஊசி போடும்போது 'அதோ பார், காக்கா' என்று பாட்டி காட்டுவாளே, அதே சங்கதிதான். வலியை உணரவும் மூளைக்குக் கவனம் தேவை. காக்கா பறந்துவிடும், இந்த உலகம் பறக்காது.

பிறகு தீக்காயத்துக்கென்றே உருவானது 'ஸ்னோ வேர்ல்டு'. நெருப்புக்கு நேரெதிராகப் பனி! பனிப்பள்ளத்தாக்கில் மிதந்தபடியே பனிமனிதன் மீதும் பென்குயின் மீதும் பனிப்பந்து எறியலாம். தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காயம் கழுவும்போது மின்சாரம் ஆபத்தாயிற்றே? அதற்காகக் கண்ணாடி இழை வழியே படம் காட்டும் தனி ஹெல்மெட் செய்தார்கள். 2004-ல் ஆரோக்கியமானவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், மூளையில் வலி சார்ந்த இடங்களின் இயக்கமே தணிந்தது தெரிந்தது.

மருந்தோடு சேர்த்துத்தான் இது, மருந்துக்குப் பதிலாக அல்ல. ஹெல்மெட்டைக் கழற்றினால் வலி திரும்பிவிடும். காயம் ஆறும்போது தோல் சுருங்கி இறுகாமலிருக்கக் கை கால்களை நீட்டி மடக்க வேண்டும், அதுவும் வேதனைதான். அந்தப் பயிற்சியின்போதும் பிள்ளைகளுக்கு இதை மாட்டிவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்து நீட்ட, உள்ளே பென்குயின்கள் மீது பனிப்பந்து பறந்துகொண்டிருக்கும்.