எந்தப் பிள்ளை பிறந்த வருஷம்?

அன்புள்ள நண்பா,

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து முகத்துவாரக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் பையனின் ஆயாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய ஊர். அக்கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்.

வயசு என்ன என்று கேட்டேன். ரேஷன் கார்டில் 81. பெரிய மகன், "தொண்ணூறு தாண்டியிருக்கும்" என்றார். அந்த வீட்டில் தேதிக்கு மதிப்பில்லை. கடைசிப் பெண் பிறந்தது 'பவர் அவுஸ்' (எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம்) ஓட ஆரம்பித்த வருஷம், அதாவது 1970. பேத்தி கல்யாணம் துறைமுகம் திறந்த வருஷம், 2001. கொள்ளுப்பேத்திக்கு 2017 தை மாசம் முடிவதற்குள் காது குத்துவதாக இருந்தார்கள். ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீன் வாங்க ஆளில்லை, காதுகுத்து தள்ளிப்போனது. பவர் அவுஸையும் அதே வருஷம்தான் மூடினார்கள். "ஆயாவுக்கு முன்னாடியே அது போய்ச் சேந்துடுச்சு" என்று பேரன் சொல்ல, காரிய வீடு என்றும் பாராமல் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆயா மீன் விற்றவர். பஸ்ஸில் மீன்கூடையை ஏற்றவிடாத காலத்தில் அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் திருவொற்றியூர்வரை நடந்திருக்கிறார். ஆனால் ஊர் அவரைப் பற்றிப் பேசியது வேறு விஷயத்துக்காக. மகன்கள் தொழிலுக்குப் போய் வந்ததும், விற்கிற மீனைப் பிரிப்பதற்கு முன்பே குழம்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிடுவார். ஆம்பளை இல்லாத வீடு, பிள்ளை பெற்ற வீடு, ஜுரத்தில் படுத்த வீடு: யாருக்கு எவ்வளவு என்பது அவர் மனசில் இருக்கும். ஊர்ப் பஞ்சாயத்தில் மட்டும் பெண்களுக்கு இடம் கிடையாது. இது நியாயமா என்று ஒரு பெரியவரிடம் கேட்டே விட்டேன். "அவங்களைக் கேக்காம எது முடிவாச்சு?" என்று மழுப்பினார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தது உனக்கு நினைவிருக்கும். இறாலும் நண்டும் கொடுத்த ஆற்றில் ஆம்பளைகள் வாளியால் எண்ணெய் அள்ளினார்கள். சாயங்காலம் பேரன்கள் வீடு திரும்பினால் ஆயா திண்ணையில் தயாராக இருப்பாராம், பழைய சேலைத் துணியும் மண்ணெண்ணெயுமாக. அப்போது கண் சரியாகத் தெரியாது. ஒவ்வொருவன் விரலிடுக்காகத் தடவிப் பார்த்து, "இன்னும் போவல, காட்டு" என்று மறுபடி துடைப்பார். சொல்லும்போது பையன் தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அவர் இறந்த அன்று ஊரில் ஒரு போட்டும் கடலுக்குப் போகவில்லை. ஒரு நாள் தொழில் போனால் ஒரு நாள் சோறு போகும் ஊர் இது. பெரிய மனிதர்களுக்கு நாம் வைக்கிற இரங்கல் கூட்டத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

படம் ஒன்றுதான் இருந்தது, ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. "இந்த முறைப்பு அவங்களோடது இல்ல" என்று மகள் குறைப்பட்டார்.

உன் அம்மாச்சி ஊரில் நன்றாகத்தானே இருக்கிறார்? அடுத்த தடவை போகும்போது சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடு. பழைய கதையும் கேட்டு எழுதி வை. தேதி கேட்காதே, சொல்ல வராது. எந்தப் பிள்ளை பிறந்த வருஷம் என்று கேள்.

அன்புடன்,
உன் நண்பன்