முதலில் மெஷின், பிறகு டயல்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் நானும் நண்பரும் போன வாட்ச் ரிப்பேர் கடையில் மூன்று பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஒரு மேஜை, டியூப் லைட், பெட்ரோல் வாடை. நண்பரின் அப்பா ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பள்ளியின் பெயரை டயலில் போட்டு ஒரு வாட்ச் செய்து கொடுக்க வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. போனில் டிசைனை நீட்டினார்.

“டயலு கடைசில சார். மெஷின மொதல்ல முடிவு பண்ணுங்க” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

ஒரு பழைய டயலைத் திருப்பிக் காட்டினார். முதுகில் குண்டூசி முனை போல இரண்டு கால்கள். அவை உள்ளே ஓடும் மெஷினின் துளைகளில் இறங்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் அந்த இடம் மாறும். முட்களின் துளை அளவும் மாறும். பொருந்தாவிட்டால் காலை வெட்டிவிட்டு டேப்பில் ஒட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அது ஆகாது.

நண்பருக்குச் சாவி வாட்ச் மீதுதான் கண். அப்பா கட்டியது எச்எம்டி ஜனதா. அண்ணாச்சி ஒரு ஜனதாவின் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைப் பொருத்திப் பார்க்கச் சொன்னார். பேலன்ஸ் வீல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது: மணிக்கு 18,000 வீச்சு, நொடிக்கு ஐந்து. நடுவில் மயிரிழைச் சுருளாக ஹேர் ஸ்பிரிங். பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வைத்ததும் அதன் முள் நடுங்கியது. “காந்தம் ஏறிட்டு. சுருளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனா வாட்சு வேகமா ஓடும்.” ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு, எதிலிருந்தும் ஏறலாமாம்.

செல் வாட்சுக்கு இந்தச் சீராட்டெல்லாம் வேண்டாம். உள்ளே குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. முள் ஓர் எட்டு நகரும். மாதம் முழுக்க அது பிசகுகிற நொடிகளைச் சாவி வாட்ச் ஒரே நாளில் பிசகிவிடும்.

எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-ல் அதன் வாட்ச் நிறுவனம் மூடப்பட்டது. இடையில் 1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸை ஊரெங்கும் கொண்டுவந்துவிட்டது. சாவி வாட்சை நம்பிய மேஜைகள் குறைந்ததில் அரசுக்கும் பங்குண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. இன்று ஒரு ஜனதாவுக்கு உதிரி பாகம் பெரும்பாலும் இன்னொரு ஜனதாவிலிருந்துதான் வருகிறது.

“அப்பா இனிமே எங்க இருப்பாவ?”

“பாபநாசம் பக்கம், சொந்த ஊர்ல.”

“கை நடுக்கம் உண்டுமா?”

“கொஞ்சம் உண்டு.”

“அப்பம் தினம் சாவி குடுக்க முடியாது. ஆட்டோமேட்டிக்கு மொத்தமா இருக்கும், சட்டைக் கைக்குள்ள அடங்காது. செல்லே போடுவோம். ஆனா பிளாஸ்டிக் மெஷின் வேண்டாம்.”

அவர் சொன்னது சுவிஸ் ரோண்டா 715. உலோகச் சக்கரங்கள், 5 கல். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடலாம். மலிவான பிளாஸ்டிக் மெஷின் நின்றால் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவார்கள். செல்லா சாவியா என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சிக்கு நாளைக்குத் திறந்து பார்க்க முடியுமா என்பதுதான் கணக்கு. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

நண்பர் அட்வான்ஸ் கொடுத்தார். “செல்லு தீந்தா அலமாரில போட்டு வச்சிரப்பிடாது. கசிஞ்சா மெஷினத் தின்னுரும். பஸ் ஏத்தியாவது அனுப்பச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, டிசைனை அப்போதுதான் கையில் வாங்கிப் பார்த்தார்.