பனிக்காலப் பூசணியும் ஒரு பிடி விதையும்

2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து மேற்கு நோக்கிப் புகையிரதத்திற் புறப்பட்டோம். அந்நகரிலே கல்வி பயிலும் எம் பெறாமகளும் உடன் வந்தாள். வழிநெடுக மரங்கள் செம்மையும் பொன்மையும் பூண்டு நின்றன. புகையிரதத்தை விட்டிறங்கி மோட்டார் வண்டியிற் செல்கையில், வீதியோரத் தோட்டங்களின் முன்னே மேசையிட்டுப் பூசணிகளை அடுக்கியிருக்கக் கண்டோம். விற்பவர் எவருமில்லை, சிறு பெட்டி ஒன்றே இருந்தது. வேண்டிய காயை எடுத்துக்கொண்டு விலையைப் பெட்டியில் இட்டுச் செல்வது அந்நாட்டுப்புற வழக்கம்.

நாம் சென்ற ஊர் ஸ்ரோ. பொஸ்ரனிலிருந்து சுமார் 25 மைல் தொலைவிலுள்ள இச்சிற்றூரிலேதான், 1940களில் சார்ள்ஸ் லெகெற் என்பார் வளைகழுத்துப் பூசணியைத் திருத்தி, நேரிய கழுத்துடைய 'பட்டர்நட்' இனத்தை உருவாக்கினார். தோல் தடித்த இப்பூசணி, குளிர்ந்த உலர்ந்த அறையில் இரண்டு மூன்று மாதங்கள் கெடாதிருக்கும். பனி மூடி நிலம் எதையும் தாராத காலத்திற்கென அதனைச் சேமித்து வைப்பர்.

நாம் தங்கிய இல்லம், பெறாமகளுக்குப் பழக்கமான ஒரு மூதாட்டியாருடையது. அவர் கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள். ஆண்டுதோறும் தம் தோட்டத்துக் காயிலிருந்தே விதை எடுத்து நட்டு வந்தவர் அப்பெரியார். அவ்வாண்டுக் கோடையில் மழை மிகுந்ததால் கொடிகள் அழுகி, மூன்றே காய்கள் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்றை அம்மையார் எமக்காக எடுத்து வைத்தார்.

"வேண்டாம் அம்மா, வழியிலே மேசை மேசையாக விற்கிறார்களே, வாங்கி வருகிறேன்" என்று பெறாமகள் தடுத்தாள்.

"அறுக்காமல் விதையை எப்படி எடுப்பது, மகளே?" என்று கூறிக் கத்தியை எடுத்தார் அம்மையார்.

காயை நெடுக்காகப் பிளந்து, விதைகளை நாரோடு வழித்து ஒரு கிண்ணத்தில் இட்டார். தோலைச் சீவி, சதையை ஓரங்குலத் துண்டுகளாக நறுக்கினார். ஒலிவ எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிரட்டி, அகன்ற தட்டிலே ஒன்றோடொன்று முட்டாதவாறு பரப்பினார். நெருக்கமாகக் குவித்தால், வெளிவரும் நீராவியிலே துண்டுகள் அவிந்துபோகுமேயன்றிச் சிவக்கமாட்டா. போறணையின் வெப்பம் 200 பாகை செல்சியஸ். நேரம் 35 முதல் 40 நிமிடம். நடுவிலே ஒரு முறை புரட்டினார். விளிம்புகள் கருஞ்சிவப்பாகி இனிப்பு மணம் எழுந்ததும் இறக்கினார்.

இதற்கிடையில் விதைகளைக் கழுவி நார் நீக்கித் துணியால் ஈரம் ஒற்றினார். பருத்து முற்றிய விதைகளாகத் தேர்ந்து ஒரு பிடியைப் புறம்பே வைத்தார். எஞ்சியவற்றைச் சிறிது எண்ணெயும் உப்பும் தடவி, போறணையின் வெப்பத்தை 150 பாகைக்குத் தணித்து, அவை வெடிக்கத் தொடங்கும்வரை கால்மணி நேரம் வறுத்தார். பரிமாறும் தருணத்திலேதான் அவற்றைப் பூசணிமீது தூவினார். முன்கூட்டியே தூவினால் மொறுமொறுப்பு அகன்றுவிடுமாம்.

வறுத்த கோழிக்கும் பாணுக்கும் பக்கத்துணையாக அதனை உண்டோம். வாயிலிட்டதும் கரையும் சதையும், பல்லிற்பட்டு நொறுங்கும் விதையும் ஒன்றையொன்று சிறப்பித்தன. உணவு முடிந்ததும் அம்மையார் அந்த ஒரு பிடி விதையை உலரப் பரப்பி, கடித உறை ஒன்றில் ஆண்டைக் குறித்து அருகே வைத்தார். அலுமாரியில் இருந்த பழைய உறைகளிலோ அவர் கணவரின் கையெழுத்து.

பிறநாட்டு விதையை அனுமதியின்றிக் கொண்டுவரச் சட்டம் இடந்தராது. ஆகவே நாம் செய்முறையோடு மாத்திரமே திரும்பினோம். அதனால் குறையொன்றுமில்லை. எமது சந்தைகளில் விற்கும் பூசணியும் பட்டர்நட்டும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. இரண்டிற்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டமே. போறணை இல்லாதோர் தடித்த இரும்புச் சட்டியில், மெல்லிய நெருப்பில், துண்டுகளைச் சிறிது சிறிதாக இட்டுச் சிவக்க வைக்கலாம்.

நாம் நாரோடு குப்பையிலே வீசும் விதையை இனி வறுத்துப் பாருங்கள். வறுக்குமுன், முற்றியவற்றில் ஒரு பிடியை நிழலில் உலர்த்தி வைக்க மறவாதீர்கள்.