ஹேமக்கில் தூங்கப் போறீங்களா? கொசுவலை வாங்கும் முன் முதுகுப் பக்கத்தையும் கவனிங்க!

கொல்லிமலைக்கு கேம்பிங் போகிறேன் என்றதும் அம்மா பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை, குளிரைப் பற்றிக் கேட்கவில்லை. "கொசுவலை வாங்கிட்டியா?" என்றுதான் கேட்டார்.

காரணம் இருக்கிறது. காலேஜ் படிக்கும்போது எனக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் எண்ணிக்கையை அம்மா தினமும் காலண்டரில் குறித்துவைத்த நாள்கள் அவை. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு முறை வந்தவர்களுக்கு, அடுத்த முறை வேறு வகை தொற்றினால் அது தீவிரமாகும் ஆபத்து அதிகம். அதனால் எனக்குக் கொசுவலை வெறும் தூக்க விஷயமில்லை.

நாங்கள் தங்கப்போவது ஒரு தனியார் தோட்டத்தில். படுக்கை, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டுகிற ஹேமக். பெரியவர்களுக்கான தூளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலை தேட ஆரம்பித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. கட்டிலில் மெத்தை நம் முதுகைக் காப்பாற்றுகிறது. ஹேமக்கில் இருப்பது மெல்லிய நைலான் துணி மட்டுமே. உடம்பின் எடையில் அது தோலோடு இறுக ஒட்டிக்கொள்ளும். கொசு கீழிருந்து துணி வழியாகவே கடித்துவிடும். மேல்பக்கம் மட்டும் வலை தைத்த ஒற்றைத் துணி ஹேமக்குகளில் இதுதான் சிக்கல்.

அடிப்பக்கம் திறந்து, தரை வரை தொங்கும் வலையும் இருக்கிறது. உள்ளே நுழைவது சுலபம். ஆனால், புல்லில் புரளும் வலையில் எறும்பு ஏறும். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் குட்டி உண்ணிப்பூச்சிகளும் புல், புதரில்தான் இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது, தலையணை உறை மாதிரி ஹேமக்கை முழுவதுமாகச் சுற்றி மூடும் வலை. இரு முனையிலும் நாடாவை இழுத்துக் கட்டிவிடலாம். அடியில் வலை கொஞ்சம் தொய்ந்து, துணியில் ஒட்டாமல் தொங்க வேண்டும். மேலே ஒரு கயிறு கட்டி அதில் வலையைத் தொங்கவிட்டால் முகத்திலும் படாது. வலை தோலைத் தொட்டால் கொசுவுக்கு அதுவே போதும். என் ஹேமக் 11 அடி. வலையும் அதைவிடக் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது துளை. "ரவை சலிக்கிற சல்லடையா, மாவு சலிக்கிற சல்லடையா?" என்று அம்மா கேட்டது சரியான கேள்வி. சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் என்பது கொசுவலைகளில் வழக்கமான அளவு. கொசுவுக்கு அது போதும். அதைவிடப் பொடியான கடிக்கும் பூச்சிகள் உள்ள ஓடைக்கரை, சதுப்பு நிலம் என்றால் இன்னும் நெருக்கமான வலை தேவை. ஆனால், காற்று குறையும். நிறத்தில் என் ஓட்டு கறுப்புக்கு. உள்ளே படுத்தபடி வெளியே பார்க்க வெள்ளையைவிடத் தெளிவாக இருக்கும்.

வாங்கியதும் மொட்டைமாடியில் கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, உள்ளிருந்தபடியே ஜிப்பைத் திறந்து மூடிப் பழகினேன். நீங்களும் பழகுங்கள். நடுராத்திரி அவசரத்தில் ஜிப்பைத் தேடும் நேரத்தில் நாலு கொசு உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதன் ஆட்டம் அதிகம். எனவே, மதியத் தூக்கத்துக்கும் வலையை மூடுங்கள். வெளியே உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்துக்கு முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டி க்ரீமும் என் பையில் தயார்!