தெருமுனைச் சீனக் கடை



வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நியூயார்க்வாசி, சமைக்கத் தெம்பில்லாத நாளில் எங்கே சாப்பிடுவார் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நான் குடியிருக்கும் குயின்ஸ் பகுதியில் பெரும்பாலும் தெருமுனைச் சீனக் கடையில்தான். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, பார்சல் மட்டும். கவுன்டருக்கு மேலே விளக்குப் போட்ட மெனு, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு படம், ஒரு நம்பர். காத்திருக்க ஒரு பெஞ்சு. நாடு முழுக்கச் சீன உணவகங்கள் நாற்பதாயிரத்துக்கு மேல் இருப்பதாகப் பத்திரிகையாளர் ஜெனிபர் 8. லீ 2008இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், கே.எஃப்.சி. மூன்றின் கிளைகளையும் கூட்டினாலும் அவ்வளவு வராது.

மதியம் 'லஞ்ச் ஸ்பெஷல்' உண்டு. சுமார் பத்து டாலருக்கு ஒரு பெட்டி நிறைய பிரைட் ரைஸ், மேலே சிக்கனோ பிராக்கோலியோ, கூடவே ஒரு எக் ரோல் அல்லது சூப். பசியோடு வந்தவர் ஒரே வேளையில் முடிக்க முடியாது, பாதி ராத்திரிக்கு மிஞ்சும். சைவர்கள் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். கேட்காமலே போட்டுத் தரும் பிரைட் ரைஸ் பல கடைகளில் பன்றி இறைச்சி சேர்த்தது, எக் ரோலும் அப்படியே. வெள்ளைச் சோறு, காய்கறி, டோஃபு என்று பிரித்துக் கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். சூப் வரும் வட்டமான பிளாஸ்டிக் டப்பாவை இங்குள்ள தமிழ் வீடுகளில் யாரும் தூக்கிப் போடுவதில்லை. கழுவி வைத்தால் சாம்பாருக்கும் இட்லி மாவுக்கும் ஆகும்.

எங்கள் தெருக் கடைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். டிப்போவிலிருந்து வரும் பஸ் டிரைவர்கள், முதியோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கரீபியப் பெண்கள், பள்ளி விட்டதும் கையிலிருக்கும் காசை ஒன்றாகப் போட்டு ஒரு பெட்டி பிரெஞ்சு பிரைஸ் வாங்கும் பையன்கள். கோழிச் சிறகை மொறுமொறுவென்று பொரித்து, அதன் மேல் ஹாட் சாஸ் ஊற்றி, பிரைட் ரைஸோடு கொடுப்பது இந்த வட்டாரத்தின் ருசி. ஜெனரல் ட்ஸோ சிக்கன் என்ற பொரித்த கோழியும் இங்கே வந்துதான் இனிப்பானது. அதைத் தைவானில் 1950களில் உருவாக்கிய ஹூனான் மாகாணச் சமையல்காரர் பெங் சாங்-குவேயின் கைப்பக்குவத்தில் அந்த இனிப்பு இல்லை. கேட்கிறவர் நாக்குக்குத் தகுந்தபடி சமைப்பதைக் குறையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்து மணிநேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவருக்கு அவர் விரும்புகிற சாப்பாட்டைச் சூடாகக் கொடுப்பது பெரிய காரியம்.

கவுன்டரில் நிற்கும் அம்மா அதிகம் பேசமாட்டார். நம்பரைச் சொன்னால், துண்டுச் சீட்டில் சீன எழுத்தைக் கிறுக்கி, பின்னால் திரும்பி ஒரு குரல் கொடுப்பார். உள்ளே எரிவாயு 'குபுக்' என்று சீறும், கரண்டி இரும்புச் சட்டியில் மோதும். எவ்வளவு கூட்டமென்றாலும் "பத்து நிமிஷம்" என்பதுதான் பதில். பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் வந்தும் விடும். பழுப்புக் காகிதப் பையின் வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்து, டக் சாஸ், சோயா சாஸ் பொட்டலங்களை ஒரு பிடி அள்ளிப் போட்டு நீட்டுவார். அவ்வளவுதான், அடுத்தவர்.

என் அலுவலகத் தோழி ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, ஆனா சிரிக்கவே மாட்டேங்கறாங்க" என்றார். நிறையப் பேர் சொல்லும் புகார்தான். கவுன்டருக்கும் நமக்கும் நடுவே தடித்த கண்ணாடி வேறு, காசைக் கொடுக்க ஒரு சின்னத் துவாரம். தங்களைத் திருடர்களைப் போல நடத்துவதாக அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் வருந்துவது நியாயமே. 2017இல் பிலடெல்பியா நகர மன்றத்தில் இப்படிப்பட்ட கண்ணாடித் தடுப்பு பற்றிப் பெரிய சண்டையே நடந்தது.

ஆனால் கண்ணாடி காரணமில்லாமல் வரவில்லை. 2000ஆம் ஆண்டு இதே குயின்ஸில் ஒரு சீனக் கடை உரிமையாளர், ஆர்டர் கொடுத்த வீட்டுக்குத் தானே சாப்பாடு கொண்டுபோனார். ஆர்டர் கொடுத்த விடலைப் பையன்களே அவரை அடித்துக் கொன்றார்கள், அறுபது டாலர் சாப்பாட்டுக்காக. அந்தச் செய்தியை அறிந்தபின் கவுன்டர் அம்மாவிடம் சிரிப்பைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறார். கோட்டு சூட்டு போட்டவருக்கும் அதே "பத்து நிமிஷம்", சில்லறை எண்ணிக் கொடுக்கும் பையனுக்கும் அதே அளவு சோறு. எனக்கு அது போதும்.

இவ்வளவு மலிவாக எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்பீர்கள். பதில் இந்தக் கடைகள் வந்த கதையில் இருக்கிறது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாதென்று அமெரிக்கா சட்டம் போட்டது. வணிகர்களுக்கு மட்டும் விலக்கு. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளிகளையும் வணிகர்களாக ஏற்றுக்கொண்டது. ஊரிலிருந்து சொந்தபந்தத்தைக் கூட்டிவர அதுவே வழியானதால் சீன உணவகங்கள் பெருகின. 1943இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1980களுக்குப் பிறகு பூஜியன் மாகாணத்திலிருந்து, முக்கியமாகப் பூசோ நகரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பலர் கடத்தல்காரர்களிடம் முப்பதாயிரம் டாலர் அளவுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். 1993 ஜூனில் 'கோல்டன் வென்ச்சர்' என்ற கப்பல் 286 பேரோடு குயின்ஸின் ராக்கவே கடற்கரையில் தரைதட்டியது. இருட்டில் கடலில் குதித்தவர்களில் பத்துப் பேர் இறந்தார்கள். அந்தத் தலைமுறை கடனை அடைத்தது இப்படிப்பட்ட அடுப்படிகளில்தான். மன்ஹாட்டனின் ஈஸ்ட் பிராட்வேயில் உள்ள வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் சமையல்காரரைப் பஸ் ஏற்றி எந்த மாநிலத்துக்கும் அனுப்பிவிடும்.

ஆக, அந்தப் பத்து டாலரில் புருஷனும் பெண்டாட்டியும் காலை பத்திலிருந்து நள்ளிரவுவரை நிற்பதற்குக் கணக்கே போடவில்லை. கொரோனாவுக்குப் பிறகு எண்ணெய் விலை, கோழி விலை, வாடகை எல்லாம் ஏறிவிட்டன. மெனுவில் பழைய விலைமேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புதிய விலை எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்து "சீனக் கடையுமா இவ்வளவு?" என்று அலுத்துக்கொள்ளும் அதே ஆள், பக்கத்துக் காபிக் கடையில் ஏழு டாலர் லாட்டேயை முணுமுணுக்காமல் வாங்குகிறார். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இது. மலிவு என்பது இந்தச் சாப்பாட்டின் பிறவிக்குணம் என்று நினைத்துவிட்டோம்.

எங்கள் கவுன்டர் அம்மாவின் மகள், அங்கே அரிசி மூட்டைமேல் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதியவள், இப்போது கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். முன்பெல்லாம் போனில் ஆர்டர் எடுப்பதும், சரியாகப் புரியாத வாடிக்கையாளருக்கும் அம்மாவுக்கும் நடுவே பேசுவதும் அவள்தான். போன வாரம் அந்த அம்மாவிடம் கடையைப் பற்றிக் கேட்டேன். வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் விற்றுவிடப் போகிறார்களாம். மகளுக்கு இந்த வேலை வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகத்தில் நிறைவு தெரிந்தது. வரிசையில் நின்ற பஸ் டிரைவருக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் எங்க போவேன், மிஸ்?" என்றார். அந்த அம்மா பதில் சொல்லாமல், அவருடைய பையில் கூடுதலாக ஒரு எக் ரோலைப் போட்டு ஸ்டேப்ளர் அடித்தார்.

இந்த ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஆப் வழியாக ஆர்டர் செய்தால் அந்தக் கம்பெனிகள் கடைக்காரரிடம் பெரும் கமிஷன் பிடிக்கும். நூற்றுக்கு முப்பதுவரை போனதால், 2020இல் நியூயார்க் நகர மன்றம் தலையிட்டு வரம்பு கட்ட வேண்டிவந்தது. கடைக்கு நேராகப் போன் செய்து, பத்து நிமிஷம் கழித்து நடந்துபோய், ரொக்கமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்.